மாதாவைத் திருப்பி வைத்த நாள்

புயல் வருகிறது என்றால் மாதா குப்பத்தில் முதலில் வீட்டுக்குள் ஏறுவது எஞ்சின்தான். மனிதர்கள் அப்புறம். கரையில் கிடக்கும் படகை ஆளுக்கொரு கை பிடித்து ரோட்டோரம்வரை இழுத்து, கருங்கல்லில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து கட்டிலில் கிடத்துவார்கள். ஈரக்காற்று படாமல் போர்வை போர்த்துவார்கள். கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதுதான்.

அன்று காலை இக்னேஷியஸ் இடம் கொடுத்தார். மகன் டெரிக்கும் அவன் தோஸ்து ஜாபரும் எஞ்சினோடு வாசலை மறைத்து நின்றபோது, மூக்கில் மாட்டியிருந்த ட்யூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினார். அவ்வளவு நகர்ந்ததற்கே நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

“பாத்து வைடா. விசிறி செவுத்துல இடிக்குது பாரு.”

“நைனா, நீ பேசாத. மூச்ச மிச்சம் புடி” என்றான் டெரிக்.

“மிச்சம் புடிச்சா இன்னாடா, மிஷினு எனுக்குப் போனஸ் குடுக்கப் போவுதா?”

ஜாபர் சிரித்துவிட்டான். அடுப்படியிலிருந்த பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காது மிஷினில் இருந்தது.

அந்த வீட்டில் மிஷின் என்றால் ஒன்றுதான். கட்டிலின் தலைமாட்டில், முட்டி உயரத்துக்கு, காற்றை இழுத்துப் பிரித்து அவருக்கு வேண்டியதை மட்டும் ட்யூபில் அனுப்பிக்கொண்டிருந்தது. மேலே ஒரு புட்டியில் தண்ணீர் குமிழி விடும். உஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் டக் என்று ஒரு சத்தம். இரண்டு வருஷமாக பிலோமி அந்த உஸ்ஸுக்கும் டக்குக்கும் நடுவில்தான் சமைத்தாள், குளித்தாள், தூங்கினாள். டோல்கேட் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்றவள், இவர் படுத்த பிறகு வாசலிலேயே கூறு கட்டி விற்றாள். கரெண்ட் போனால் மிஷின் நீளமாக ஒரு ஊளையிடும். தெருவில் எங்கே இருந்தாலும் அந்த ஊளைக்கு அவள் ஓடி வருவாள். ஓடி வந்து, கட்டிலடியில் இருக்கும் சின்ன சிலிண்டருக்கு ட்யூபை மாற்ற வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் இங்கிருந்து போகிறது. குப்பத்தில் மட்டும் காக்கை கம்பியில் உட்கார்ந்தாலே கரெண்ட் போய்விடும். முகத்துவாரத்தில் மீன் செத்துப்போன பிறகு இக்னேஷியஸ் வலையை மூட்டை கட்டிவிட்டுச் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றப் போனார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பதினோரு வருஷம். நெஞ்சு அங்கே போனது.

“துறைமுகத்துல எட்டாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெர்சிஸ் உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். “மாதாவத் திருப்பப் போறாங்க. டெரிக்கு, நீ வா. உங்க நைனா எடத்துல நீதான் நிக்கணும்.”

மாதா சிலை நிற்கும் கெபி, அந்தச் சின்னக் குகைக்கோயில், குப்பத்தின் தலைப்பில், கருங்கல் மேடைமேல் இருந்தது. மற்ற நாளெல்லாம் மாதா மேற்கே ரோட்டைப் பார்த்து நிற்பாள். பஸ்ஸில் போகிறவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள வசதியாக அப்படி வைத்தது. கூண்டு ஏறினால் மட்டும் அவளைத் தூக்கிக் கடல் பக்கம் திருப்புவார்கள். அவள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் கடலுக்குக் கரையேறக் கூச்சம் வரும் என்பது குப்பத்தின் கணக்கு. சுனாமி அன்று திருப்ப யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு வாரிக்கொண்டு போனவர்களின் பெயர்கள் கெபிச் சுவரில் இருக்கின்றன. அதற்கப்புறம் எந்தப் புயலுக்கும் யாரும் மறந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதாவின் இடது தோள் இக்னேஷியஸுடையது. அன்று அவர் ட்யூப் எட்டும் மட்டும் நகர்ந்து வாசற்படியில் நின்றார். காற்று அப்போதே மணலை வாரி முகத்தில் அடித்தது. கடல் சாம்பல் நிறத்தில் ஒரேயடியாக வீங்கிக் கிடந்தது. அலை உடைகிற சத்தம்கூட வழக்கம்போல இல்லை. தூரத்தில் யாரோ இரும்புக் கதவை இழுத்து இழுத்துச் சாத்துவதுபோல இருந்தது.

“கண்ணு நேரா கடல பாக்குதா பாருடா” என்று கத்தினார். “கோணலா வெச்சினா அவ காசிமேட்டுக்குக் காவல் காப்பா.”

“இன்னாண்ணே, மாதாவுக்கே வழி சொல்றியா?” என்றாள் பெர்சிஸ்.

“நான் சொல்லாம வேற யார் சொல்றது? எத்தினி வருசமா அவ தோள்ல கை போட்டவன்.”

“த்தூ, பேச்சப் பாரு. சாவப்போற காலத்துல” என்று வாய்விட்டவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இக்னேஷியஸ்தான் சிரித்தார். பிலோமி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மாதா திரும்பினாள். பெண்கள் மேடையைச் சுற்றிக் கல்லுப்புத் தூவினார்கள். எல்லோரும் அவள் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீடுகளுக்குக் கலைந்தார்கள்.

சற்று நேரத்தில் மாநகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. கரையோரம் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், சாப்பாடு உண்டு, பாய் உண்டு. பிலோமி மழையில் நனைந்துகொண்டே ஆட்டோவை நிறுத்தினாள். உள்ளே மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

“எம்மா, ஸ்கூல்ல கரெண்ட் நிக்குமா? எங்க வூட்டுக்காருக்கு மிஷினு வெச்சி மூச்சு.”

“ஜெனரேட்டர் கேட்ருக்கோம்கா. வந்துரும்.”

“வந்துருமா, வந்துடுச்சா?”

அந்தப் பெண் பாவம், பொய் சொல்லவில்லை. “வந்துரும்னு சொல்லியிருக்காங்க” என்றாள்.

பிலோமி ஆட்டோவுக்கு வழி விட்டாள். வீட்டுக்குள் வந்து, “யோவ், ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்யா” என்றாள்.

“முடியாது. போன தபா போயி அவன்ங்க ட்யூப் சொருவுனதே போதும். அங்க போனா நான் திரும்பி வரமாட்டேன். செத்தா என் வூட்ல சாவுறேன், இல்ல கடல்ல சாவுறேன்.”

“கடல்ல சாவுற மூஞ்சப் பாரு. பாத்ரூமுக்கு நடக்க முடியல.”

“ஏன், நீ தூக்கிகினு போய்ப் போட மாட்டியா?”

“போடுவேன். கல்லக் கட்டிப் போடுவேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் பார்த்துவிட்டார். “சரிமே. அழுவாத. எங்கியாவது இட்டுகினு போ. ஆஸ்பத்திரி ஒண்டி வேணாம்.”

அந்த நேரத்தில்தான் தங்கை ஜூடி போன் செய்தாள். அவள் வீடு விம்கோ நகர் ரயில் கேட்டைத் தாண்டி, கால்வாய்க்கும் அந்தப் பக்கம். “அக்கா, இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீற? மாமாவ இங்க இட்டாந்துடு. இன்வெர்ட்டர் போட்டு கீதில்ல? கடல் எங்க, நாங்க எங்க! உப்புக் காத்துகூட இங்க வராது.”

குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதுதான் சரி என்றிருப்பார்கள். கேட்கவும் செய்தாள். பெர்சிஸ் சொன்னாள், டெரிக் சொன்னான், கெபிக்கு எண்ணெய் ஊற்றும் கிழவர் சொன்னார். கடல்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கிழக்கே இருப்பதுதான். அது எவ்வளவு எட்டிப்போகிறதோ அவ்வளவு உயிருக்கு நல்லது. பிறந்ததிலிருந்து அந்த ஒரு திசையைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள்.

ஜாபர் ஐஸ் பாளம் ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தான். மிஷினைப் பின்னால் கோணியில் சுற்றிக் கட்டினார்கள். இக்னேஷியஸை முன்சீட்டில் உட்காரவைத்து, சிலிண்டரைக் காலிடுக்கில் நிறுத்தினார்கள். பிலோமி நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். டெரிக் பின்னால் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இன்னா நைனா, மாப்ள கணக்கா முன்னாடி குந்திகினு கீற. மாலை ஒண்ணுதான் கொறச்சல்” என்றான் ஜாபர்.

“மாலைக்கு இன்னாடா அவசரம். அது தானா வரும்.”

“ரெண்டு பேரும் வாய மூடிகினு வர்றீங்களா?” என்றாள் பிலோமி.

ரயில் கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் ஊர்ந்தது. காற்று வண்டியைப் பிடித்துத் தாலாட்டியது. மேலே விளம்பரத் தகடு ஒன்று பிய்ந்து பறந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ விழுந்து கிழிகிற சத்தம் கேட்டது. பிலோமியின் கண் சிலிண்டர் மண்டையில் இருந்த வட்டத்திலேயே இருந்தது. பச்சையிலிருந்த முள் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு. அவள் உதடு தன்னால் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி, பாதியில் ‘கேட்டத் தொறங்கடா பாவிங்களா’ என்று முடிந்தது.

ஜூடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மிஷினை மாட்டி, உஸ் என்ற சத்தம் வந்த பிறகுதான் அவள் கால் தரையில் பாவியது. ஒற்றை மாடிகூட இல்லாத வீடு. வெளியே மொட்டை மாடிக்குச் சிமெண்ட் படி. கூடத்துச் சுவரில் திருக்குடும்பப் படம், அதற்குக் கீழே அலமாரியில் இன்வெர்ட்டர், அதற்கும் கீழே தரையில் பேட்டரி. ஜூடியின் புருஷன் துறைமுகத்தில் டூட்டி. புயல் போகும்வரை வெளியே வர முடியாது.

“பாத்தியாக்கா, எவ்ளோ பெரிய பேட்டரி. நாள் பூரா இழுக்கும்” என்று ஜூடி அதைக் காலால் தட்டிக் காட்டினாள். பிலோமி அந்தப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். ஒரு சாமியின் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

இரவெல்லாம் காற்று ஊரைப் பிடித்து உலுக்கியது. யாரும் படுக்கவில்லை. ஆனால் அதிசயமாக, கரெண்ட் போகவில்லை. விடிந்தபோது காற்றின் குரல் உடைந்திருந்தது. மழை தூறலாகி, முற்பகலில் அதுவும் நின்றது. மேற்கே வெளுத்துக்கூட வந்தது. காற்று ஓய்ந்த பிறகுதான் கரெண்டை நிறுத்தினார்கள். அறுந்த கம்பிகள் தெருவில் கிடப்பதால் பாதுகாப்புக்கு நிறுத்தியது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். இன்வெர்ட்டர் கீச்சென்று ஒரு தரம் கத்திவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டது. மிஷின் நிற்கவே இல்லை.

பெர்சிஸ் போன் செய்தாள். “அக்கா, கடல் ஏறலக்கா! கெபி மேடை வரிக்கும் வந்து, அப்டியே திரும்பிப் போச்சு. என் வூட்டு ஓடு ரெண்டு பறந்துச்சு, அவ்ளோதான். படகெல்லாம் கட்னது கட்ன மேனிக்கு கீது. மாதா காப்பாத்திட்டா.”

பிலோமி போனை ஸ்பீக்கரில் போட்டு அவருக்குக் கேட்கவைத்தாள். இக்னேஷியஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “நான்தான் நேரா வெக்கச் சொன்னேன்” என்றார்.

ஜூடி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வாளைக் கருவாடு, கத்தரிக்காய், மாங்காய். பயம் விட்டுப்போன வீட்டில் சோற்று வாசனை தனியாக எழும். இக்னேஷியஸ் ட்யூபை மூக்கில் வைத்துக்கொண்டே இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினார். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான்.

“ஜூடி, உன் கொழம்பு சோக்கா கீது. உங்கக்காவுக்கு இத்தினி வருசமா வர்ல.”

“வர்லன்னுதான் இத்தினி வருசமா தட்ட வழிச்சிகினு கீறியா?” என்றாள் பிலோமி. எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பேசினார்கள். டெரிக் படகைப் பார்த்துவிட்டு வருவதாக ஜாபருடன் குப்பத்துக்குக் கிளம்பினான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து ‘குளுக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

யாரோ தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது. மறுபடி ‘குளுக்.’ ஜூடி எட்டிப் பார்த்தாள். சாக்கடைச் சல்லடை வழியாகக் கரப்பான்பூச்சிகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் தண்ணீர். கறுப்பாக, மேலே எண்ணெய் மினுமினுப்போடு, சத்தமே இல்லாமல் வழிந்து கூடத்துக்குள் வந்தது.

“மழதான் நின்னு பூச்சே” என்றாள் ஜூடி. “இது எங்கேர்ந்து வருது?”

வாசலில் பார்த்தார்கள். தெரு ஏற்கெனவே இல்லை. வானம் வெளுத்திருக்க, காற்று அசையாமல் நிற்க, தண்ணீர் மட்டும் மேற்கிலிருந்து ஒரு பெரிய மாட்டைப்போல மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு.

“கடலா?” என்று கேட்டாள் ஜூடி. அவள் குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

பிலோமி குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். சாக்கடை வாடை, கெரசின் வாடை. ஆனால் அவள் தேடிய ருசி அதில் இல்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“உப்பு இல்லய்யா” என்றாள்.

இக்னேஷியஸ் கண்ணை மூடித் திறந்தார். “ஏரித் தண்ணி. மேக்கால கீற ஏரிங்க எல்லாம் ரொம்பி வயியுது. கால்வா ஒடச்சிகினு வருது.” மூச்சு வாங்கினார். “முதுவுப் பக்கமா வந்துட்டான்மே.”

அப்போதுதான் பிலோமிக்குப் பேட்டரி கண்ணில் பட்டது. தண்ணீர் அதன் அடியை நக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கட்டிலில் ஏற்றிப் போர்வை போர்த்தத் தெரிந்த வீட்டுக்காரிக்கு, பேட்டரி தரையில் இருப்பது அதுவரை உறைக்கவில்லை. ராத்திரியெல்லாம் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அக்காளும் தங்கையும் குனிந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கருங்கல்போல அசையாமல் இருந்தது. ஒரு பக்கம் நிமிர்த்தி அடியில் அம்மிக்குழவியைச் செருகினாள் ஜூடி. மறுபக்கம் நிமிர்த்துவதற்குள் குழவி வழுக்கிப் பேட்டரி தொப்பென்று தண்ணீருக்குள் சாய்ந்தது. இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று அடித்து அணைந்தது. மிஷின் நீளமாக ஊளையிட்டது. ஊளை தேய்ந்து நின்றது.

அதற்கப்புறம் வந்த அமைதியைப் போல ஒன்றை பிலோமி கேட்டதே இல்லை. புட்டியில் கடைசிக் குமிழி ஏறி உடைந்தது.

சிலிண்டருக்கு ட்யூபை மாற்றினாள். எதிர்வீட்டுக்காரரைக் கூவி அழைத்து, அவர் முன்னால் பிடிக்க, பெண்கள் பின்னால் பிடிக்க, நாற்காலியோடு அவரை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் கீழே வைத்தார்கள். மேலிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க மாடிகளில் ஆட்கள் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ரயில் மேடு வரைக்கும்தான் வர முடியும், அதற்கு இந்தப் பக்கம் வண்டி இறங்காது என்றார்கள். டெரிக்கைப் பிடித்தாள்.

“டேய், படகு எடுத்துகினு வாடா.”

“இன்னாது?”

“படகுடா! நம்ம படகு!”

“எம்மா, உனுக்கு இன்னா ஆச்சு? அங்க ரோடுமா. ரோட்ல எப்டி—”

“ரோடு இல்லடா!” என்று அலறினாள். “ரோடு எங்கியும் இல்ல! பேட்டரி பூட்ச்சி. உங்க நைனாவுக்கு சிலிண்டர்தான் கீது.”

அந்தப் பக்கம், “ஜாபரு, ஐஸ் லாரிக்குப் போன் போட்றா” என்று கத்திக்கொண்டே அவன் யாரையோ தாண்டி ஓடுவது கேட்டது.

காத்திருந்தார்கள். முள் சிவப்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது சிலிண்டரின் சத்தம் குறைந்திருப்பது பிலோமிக்குத் தெரிந்தது. இக்னேஷியஸின் கை திருகின்மேல் இருந்தது.

“யோவ், இன்னா பண்ற?”

“அவன் வர்றதுக்கு நேரமாவும். கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா நிக்கும்.”

“கைய எடு.” அவள் திருகைக் கூட்டினாள். அவர் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. அவள் கீழே தண்ணீரைப் பார்க்கத் திரும்பினால் அவர் கை மறுபடி திருகுக்குப் போகும். திரும்பி வந்து அவள் கூட்டுவாள். கடைசியில் அவர் கையையே தன் கைக்குள் பிடித்து வைத்துக்கொண்டாள். விரல் நகமெல்லாம் நாவல்பழ நிறமாகிக்கொண்டிருந்தது.

“அப்பால எஞ்சின எடுத்து கழுவி வெக்கணும்” என்றார். “சாக்கடத் தண்ணி இழுத்துடும்.”

“வெக்கலாம். நீ பேசாத.”

“நீ தான் எப்பவும் பேசுவ. பேசு.”

வாழ்நாள் முழுக்க வாய் ஓயாதவளுக்கு அப்போது ஒரே ஒரு கேள்விதான் வந்தது. “கொழம்பு நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவர்தான் முதலில் தலையைத் தூக்கினார். மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “நம்ம எஞ்சின்” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்டது. தெருமுனையில், சுவர்களில் மோதி எதிரொலித்துக்கொண்டு, இருமி இருமி வந்தது. “அடைக்குது பாரு. கிளீன் பண்றான்னா கேக்க மாட்டான்.”

நீலப் படகு, மின்கம்பங்களுக்கு நடுவில், இஸ்திரிக் கடையின் கூரையை உரசிக்கொண்டு திரும்பியது. டெரிக் பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தான். ஜாபர் முன்னால் மூங்கில் கழியால் சுவர்களைத் தள்ளிவிட்டான். குப்பத்து ஆட்கள் படகை ஐஸ் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ரயில் மேட்டின் இந்தப் பக்கச் சரிவில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் மேட்டில் நிற்கிறது என்று டெரிக் தூரத்திலிருந்தே கத்தினான். “நைனா! தோ வந்துட்டேன் நைனா!”

படிக்கட்டில் படகை அணைத்து அவரை இறக்கினார்கள். நடுப்பலகையில் உட்கார்ந்தார். பிலோமி பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். முள் அடியில் படுத்துவிட்டது. ட்யூபில் காற்று வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை, அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

“ஓட்டுடா” என்றாள். “ஓட்டுடா, ஓட்டுடா.”

“அடியில செவுரு கீதும்மா. இடிச்சா கவுந்துடும்.”

மெதுவாகத்தான் போக முடிந்தது. கேட்டுகளின் ஈட்டிமுனைகள் தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. ஒரு வீட்டுக்குள் டார்ச் வெளிச்சம் அலைந்தது. இக்னேஷியஸ் படகின் விளிம்பில் கையைத் தொங்கவிட்டார். கடலுக்குப் போன காலத்தில் கரை திரும்பும்போது அப்படித்தான் விரலால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவாராம், ஜாபர் அப்புறம் சொன்னான். ரயில் மேட்டில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுழல்வது தெரிந்தபோது அந்தக் கை தண்ணீரிலேயே இருந்தது. பிலோமி அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்தாள். அது திரும்பத் தண்ணீருக்குப் போகவில்லை.

அவள் டெரிக்கிடம் சொல்லவில்லை. மேடு வரும்வரை அவன் எஞ்சினைப் பார்த்து ஓட்டட்டும் என்று அவரை அப்படியே சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகும் மாதா கடலைப் பார்த்தபடியே நின்றாள். வழக்கமாகப் புயல் போன மறுநாளே நன்றி சொல்லி, சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பிவிடுவார்கள். இந்த முறை குப்பத்தில் ஒரு படகு சேதமில்லை, ஓர் உயிர் கரையில் போகவில்லை. ஆனாலும் பொங்கல் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பேருக்குச் சொந்தம் இருந்தது. பெர்சிஸ்தான் வந்து, தாழ்வாரத்தில் உட்காராமலே நின்றாள்.

“அக்கா, மாதாவத் திருப்பணும். உன்னக் கேட்டுட்டு செய்யலாம்னு சொல்றாங்க.”

பிலோமி எழுந்தாள். வீட்டில் எஞ்சின் கட்டிலில்தான் கிடந்தது. டெரிக் அதைப் பிரித்துக் கழுவி மறுபடி பூட்டியிருந்தான். கட்டிலின் தலைமாட்டில் மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது.

கெபிக்கு முன்னால் ஆண்கள் நின்றார்கள். பிலோமி அவர்களைச் சுற்றிக்கொண்டு மேடையின் கடல் பக்கம் போனாள். மாதாவின் முகத்தில் உப்பு பூத்து, கண்ணிமைகளில் வெள்ளையாக உறைந்திருந்தது. கடல் அன்று குழந்தைபோலக் கிடந்தது. அவள் முந்தானையை எச்சிலில் நனைத்து அந்தக் கண்களைத் துடைத்தாள். பிள்ளைக்குத் துடைப்பதுபோல, ஓரத்தில் அழுத்தி.

“நீ இன்னா பண்ணுவ” என்றாள் மெதுவாக. “நாங்கதான திருப்பி வெச்சோம்.”

டெரிக் இடது தோளுக்குப் போகாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தான். தலையைக் குனிந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பிலோமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது தோளில் கை வைத்தாள். பெண்கள் மாதாவைத் தூக்கியதில்லை. எண்ணெய் ஊற்றும் கிழவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு வலது பக்கம் பிடித்தார்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். பேட்டரியைவிடக் கனம். இந்த முறை அசைந்தது. மேடையில் கல்லோடு கல் உரசிக்கொண்டு மாதா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். ரோடு வந்தது, ரயில் மேடு வந்தது, அதற்கும் அப்பால் ஜூடி வீட்டுப் பக்கத்து வானம் வந்தது.

பிலோமி மூச்சு வாங்கிக்கொண்டே மகனைக் கூப்பிட்டாள்.

“டேய், எதுர்ல போய் நில்லு. கண்ணு நேரா மேக்க பாக்குதா பாரு. கோணலா கீதுனா சொல்லு.”